இலை முளைத்த சிலுவை

மாதோட்டத்துக் கற்கள் – 11

நானாட்டான் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அருவியாறு அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இறங்கி வருகிறது. அங்கே அதற்கு மல்வத்து ஓயா என்று பெயர். தேக்கம் அணைக்கட்டில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பியது போக, மிச்சத் தண்ணீர் அரிப்புப் பக்கம் கடலில் சேர்கிறது. ஆற்றின் மேற்பக்கம் ஒரு தலைநகர். ஆறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று வடக்கே, திருக்கேதீஸ்வரத்தை அடுத்து, மாதோட்டத் துறைமுகம். இரண்டுக்கும் நடுவே போய்வந்த மிளகு, முத்து, கண்ணாடி மணி, சீனத்துக் கோப்பை எல்லாவற்றையும் கடந்த வாரங்களில் பார்த்துவிட்டோம். இந்த வாரம் ஒரு செதுக்கலைப் பார்ப்போம்.

1912 இல் அநுராதபுரத்தின் உள்நகரை அகழ்ந்தபோது வழுவழுப்பாகக் கொத்திய கருங்கல் தூண் துண்டொன்று வெளிவந்தது. அதன் ஒரு முகத்தில் சிலுவை. கல்லிலிருந்து புடைத்து நிற்கும் சிலுவை அல்ல, கல்லின் மட்டத்துக்குள்ளேயே குடைந்து எடுத்தது. படிப்படியாக உயரும் சிறு பீடத்தின் மேல் நிற்கிறது. கைகள் நுனியை நோக்கி விரிகின்றன. பீடத்திலிருந்து இடம் ஒன்று வலம் ஒன்றாக இரண்டு இலைகள் கிளம்பி, மாட்டுக் கொம்புபோல் வளைந்து மேலே போகின்றன. சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை. எழுத்தும் இல்லை. இப்போது அநுராதபுரம் அரும்பொருளகத்தில் இருக்கிறது. மற்ற மண்டபங்களைப் பார்த்து முடித்த களைப்பில் வருகிறவர்கள் நிற்காமல் கடந்துபோகக்கூடிய அளவு அடக்கமான பொருள்.

அப்போது தொல்லியல் ஆணையாளராக இருந்தவர் எட்வர்ட் ஏர்ட்டன். எகிப்தில் அரசர் பள்ளத்தாக்கில் கல்லறைகளைத் திறந்து பேர் வாங்கிவிட்டு இலங்கைக்கு வந்தவர். 1914 இல் திஸ்ஸமகாராமைக் குளத்தில் மூழ்கி இறந்துபோனார். இந்தச் சிலுவை போர்த்துக்கேயருடையது என்று அவர் முடிவு கட்டினார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஹோகார்ட், 1924 இல் இதன் பீடத்தையும் இலைகளையும் கவனமாக விவரித்து எழுதிவிட்டு, அதே முடிவுக்குத்தான் வந்தார். இல்லை, இது பாரசீகக் கிறிஸ்தவர்களின் சிலுவை, போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்று சொன்னவர் நாணய ஆய்வாளர் கொட்ரிங்ரன். இன்று அவர் சொன்னதே நிலைத்திருக்கிறது.

எகிப்துவரை கண்ட ஏர்ட்டன் எப்படித் தடுமாறினார்? கிறிஸ்தவம் இந்தத் தீவுக்கு 1505 இல் கப்பலில் வந்தது என்பது அக்காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். மன்னாரில் இன்றைக்கும் வேதம் எப்போது வந்தது என்று கேட்டால் 1544 ஐத்தான் சொல்வார்கள். புதிதாக மனந்திரும்பிய அறுநூறுக்கு மேற்பட்டவர்களை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் வெட்டுவித்த ஆண்டு அது. வரலாறு தொடங்கும் ஆண்டை முதலிலேயே தீர்மானித்துவிட்டால், கிடைக்கிற கல்லெல்லாம் அந்த ஆண்டுக்கு இந்தப் பக்கம்தான் வந்து விழும்.

ஆனால் அந்த இரண்டு இலைகளும் அவர்களை யோசிக்க வைத்திருக்க வேண்டும். போர்த்துக்கேயர் கொண்டுவந்த பக்தி பாடுகளின் பக்தி. அவர்களுடைய சிலுவைகளில் ஆணி வரும், முள்முடி வரும், ஈட்டி வரும், அடியில் மண்டையோடும் எலும்பும் வரும். சாவின் கருவிகள் அத்தனையும் காட்டப்படும். அநுராதபுரச் சிலுவை அதற்கு நேரெதிர். காய்ந்த மரம் அடியில் துளிர்த்திருக்கிறது. சிலுவையைக் கொலைக்கருவியாகக் காட்டாமல் உயிருள்ள மரமாகக் காட்டுவது கீழைத் திருச்சபையின் வழக்கம். தைகிரிஸ் நதிக்கரையில் தலைமைக் குருவை வைத்துக்கொண்டு, பாரசீகம், அரபுக்கரை, நடு ஆசியா, சீனம் என்று பரந்த சபை அது. நெஸ்தோரியர் என்று பிறர் வைத்த பேர்தான் நம் புத்தகங்களில் அதிகம் காணப்படும்.

அந்தச் சபை இங்கே இருந்ததற்கு எழுத்துச் சாட்சி உண்டு. அலெக்சாந்திரியா நகரத்து வணிகராக இருந்து துறவியானவர் கொஸ்மாஸ். 6 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்கத்தில் எழுதினார். இலங்கையில் குடியிருக்கும் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தேவாலயம் உண்டு, அதன் குரு பாரசீகத்தில் நியமிக்கப்பட்டு வருகிறார், உடன் ஒரு தியாக்கோனும் வழிபாட்டுக்கு வேண்டிய எல்லாமும் உண்டு, நாட்டவரும் அரசர்களும் வேறு மதத்தினர் என்கிறார். கொஸ்மாஸ் தாமே இங்கு வந்தாரா, வந்துபோன வணிகர்களிடம் கேட்டு எழுதினாரா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் குரு எங்கிருந்து வருகிறார் என்பதுவரை சொல்வது காற்றில் கேட்ட செய்தியாகத் தோன்றவில்லை. அதே நூலில் பட்டு, அகில், கிராம்பு, சந்தனம் இந்தத் தீவின் வழியாகக் கைமாறுவதாகச் சொல்கிறார். மாதோட்டத் துறைமுகம் இருந்த மாந்தையில் கிடைத்த தானிய, வாசனைப் பொருள் எச்சங்கள் பற்றி 2018 இல் வெளிவந்த ஆய்வில் கருகிய மிளகும் ஒற்றைக் கிராம்பும் இருந்தன. கிராம்பு கொஸ்மாஸுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியதுதான். ஆனாலும் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து வந்த பொருள் நம் கரையில் இறங்கியதை அது உறுதிப்படுத்துகிறது.

மாந்தையை 1980 தொடக்கம் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்ந்தார்கள். போர் வந்து வேலை நின்றது. முழு அறிக்கை நூலாக வந்தது 2013 இல். அந்த அகழ்வில் கிடைத்தவற்றுள் சுட்ட களிமண் முத்திரைப்பதிவு ஒன்று உண்டு. சரக்குப் பொதியைக் கட்டிய கயிற்றின் முடிச்சில் களிமண்ணை அப்பி, அதில் உரியவர்கள் தங்கள் முத்திரையை அழுத்துவார்கள். மாந்தைப் பதிவில் அழுத்தியிருந்த முத்திரைகளுள் ஒன்றில் பாரசீகச் சிலுவை. ஆக, ஆற்றின் மேற்பக்கம் கருங்கல்லில் ஒன்று, துறைமுகத்தில் களிமண்ணில் ஒன்று.

இந்த இலைச்சிலுவை நம்மூரில் பிறந்த உருவம் அல்ல. வளைகுடாவில் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். குவைத்தின் பைலாக்கா தீவில் அல்-குசூர் என்ற இடத்தில் 1989 இல் பிரெஞ்சுக் குழுவினர் ஒரு தேவாலயத்தைக் கண்டார்கள். 1992 இல் அபுதாபியின் சேர் பனியாஸ் தீவில் துறவிமடம் ஒன்று வெளிப்பட்டது. ஈரானின் கார்க் தீவிலும் ஒரு மடம். மூன்றிலும் சுவர் அலங்காரம் கல் அல்ல, சாந்து. ஈரச்சாந்தைத் தட்டையாகப் பூசி, காயுமுன் செதுக்குவது பாரசீகத்து வேலை. சேர் பனியாஸில் 2025 இல் கண்டெடுத்ததாக அறிவித்த சாந்துப் பலகையில் படிப்பீடம் இருக்கிறது, சிலுவை இருக்கிறது, அடியில் இலையும் துளிர்த்திருக்கிறது. அதன் படத்தை அநுராதபுரக் கல்லின் படத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தால், போர்த்துக்கேயர் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

இதே சிலுவை கடலைக் கடந்து சோழமண்டலக் கரையில் என்ன கோலம் கொண்டது என்று பார்க்கப் பரங்கிமலைக்குப் போகவேண்டும். சென்னையில் விமானம் இறங்குகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் மலைதான். 1547 இல் மலையுச்சியில் போர்த்துக்கேயர் அத்திவாரம் தோண்டியபோது கிடைத்த செதுக்கு கல் இன்றும் அங்குள்ள தேவாலயத்தின் பீடத்தில் பதித்திருக்கிறது. அதே படிகள், அதே இலைகள். மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. சுற்றிலும் பகலவி எழுத்தில் ஒரு வரி. 1873 இல் பர்னல் அதை ஆராய்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசித்தார்கள். சகார்புக்தின் மகன் அஃப்ராஸ் என்பவருக்கு இரங்கும்படி கிறிஸ்துவை வேண்டுகிறது என்பது வின்க்வர்த் தந்த வாசிப்பு. சகார்புக்த் என்பது பாரசீகப் பெயர்.

ஆனால் அந்த எழுத்தை விட்டுவிட்டுச் சிலுவையைச் சுற்றியுள்ள சட்டத்தைப் பாருங்கள். இரு பக்கமும் தூண். தூண் தலையில் மகரம். அதன் வாயிலிருந்து புறப்பட்ட வளைவு சிலுவையின் தலைக்கு மேலாகப் போய் எதிர்ப்பக்க மகரத்தின் வாயில் இறங்குகிறது. இது என்னவென்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. கோயிற் கருவறைக் கோட்டத்துக்கு மேல் இருக்கும் மகரதோரணம் இது. உற்சவ மூர்த்திக்குப் பின்னால் திருவாசியாக நிற்பதும் இதே வளைவுதான். அநுராதபுரம், பொலன்னறுவை விகாரைகளில் புத்தருக்கு மேலும் இதுவே நிற்கிறது. பாரசீகத்துச் சிலுவையைக் கொண்டுவந்து கொடுத்து, இதைக் கல்லில் வெட்டித் தா என்று கேட்டிருக்கிறார்கள். வெட்டியவர் தெய்வத்தை எப்படி நிறுத்துவது என்று தம் தகப்பனிடம் கற்றிருந்தாரோ அப்படியே நிறுத்திவிட்டார். மலையாளக் கரையின் கோட்டயம் வலியபள்ளியில் உள்ள இரண்டு கற்சிலுவைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இப்படி நடந்தது இந்தக் கடலில் மட்டுமல்ல. ஏறத்தாழ அதே காலத்தில், உலகின் மறு கோடியில், ஸ்பானியாவில் இன்னொரு கூட்டம் இதையே செய்துகொண்டிருந்தது. 711 இல் முஸ்லிம் படை அந்நாட்டைப் பிடித்தது. கொர்டோபா அமீர்களின் ஆட்சியில் வரி கட்டித் தங்கள் மதத்தைக் காத்துக்கொண்டு, அரபு பேசி, அரபு உடை உடுத்தி வாழ்ந்த கிறிஸ்தவர்களை மொசராபியர் என்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், குறிப்பாகத் துறவிகள், 9, 10 ஆம் நூற்றாண்டுகளில் வடக்கே கிறிஸ்தவ அரசுகளின் நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். லெயோன் நகருக்கு அருகே எஸ்கலாடாவில் உள்ள சான் மிகேல் தேவாலயம் அப்படி வந்தது. கொர்டோபாவிலிருந்து வந்த மடாதிபதி அல்போன்சோவும் துணைவர்களும் பாழடைந்து கிடந்த பழைய கோயிலை எடுத்துக் கட்ட, 913 இல் ஆயர் கெனாதியுஸ் அதை மந்திரித்துத் திறந்தார்.

உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வளைவுகள். அரைவட்டத்தோடு நில்லாமல் கீழே உள்நோக்கி இறுகும் குதிரைலாட வளைவு. கொர்டோபாப் பெரிய பள்ளிவாசலைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். மக்கள் நிற்கும் இடத்துக்கும் குருக்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே இதே வகை மூன்று வளைவுகள் ஒரு திரையாக நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் கற்பலகைகள். பலகையெங்கும் கொடிக்கருக்கு. திராட்சைக் கொடி சுருண்டு சுருண்டு போகிறது, ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு குலை, ஒரு இலை, குலையைக் கொத்தும் ஒரு பறவை. ஆழமாகச் செதுக்கவில்லை. உளியைச் சாய்த்துப் பிடித்துக் கோடு கோடாக வெட்டியிருக்கிறார்கள். மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் கொடி தெரியும் அளவுக்குத் தட்டை. மனித உருவம் தேடினால் கிடைப்பது அரிது.

அதே வட்டாரத்தில் 937 ஐ ஒட்டி எழுந்த பெனியால்பாவின் சந்தியாகு கோயிலில், வாசல் இரட்டைக் குதிரைலாட வளைவு. அதைச் சுற்றிச் சதுரமாக ஒரு கற்சட்டம். பள்ளிவாசல் வாசலுக்குப் போடும் அதே சட்டம். கூரை இறவாரத்தைத் தாங்கும் போதிகைகளைப் பாருங்கள். பாயைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கியதுபோல் உருளைகள், பக்கவாட்டில் ஆறிதழ்ப் பூ, சக்கரம். கொர்டோபாப் பள்ளிவாசலில் இதற்கு முன்னோடி இருக்கிறது. கிறிஸ்தவ அரசனின் நிலத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் அவர்கள் கை அமீரின் நகரத்தில் பழகிய வடிவத்தைத்தான் வெட்டியது.

இதில் ஒரு வழக்கும் இருக்கிறது. 1919 இல் இந்தக் கோயில்களை எல்லாம் ஒன்றாகத் தொகுத்து மொசராபியக் கோயில்கள் என்று நூல் எழுதியவர் மானுவேல் கோமெஸ்-மொரேனோ. பின்னால் வந்தவர்களில் பலர், குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்தது இவ்வளவுதானா, குதிரைலாட வளைவு முஸ்லிம்களுக்கு முன்பே அங்கே விசிகோத்தியர் காலத்தில் இருந்ததே, வடபகுதிக் கொத்தர்களின் பங்கு எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காக எல்லாவற்றையும் வடக்கின் கணக்கில் எழுதுவதும் மிகை என்பது என் எண்ணம். எஸ்கலாடாவில் நிற்பது கொர்டோபாத் துறவிகள் கட்டிய கோயில். வளைவு யாருக்கு முதலில் சொந்தமாக இருந்தாலும் அவர்கள் அதைக் கண்டு பழகிய இடம் கொர்டோபா.

பரங்கிமலையையும் எஸ்கலாடாவையும் சேர்த்து வைக்கும்போதுதான் அநுராதபுரக் கல்லின் விநோதம் எனக்குத் தெரிந்தது. அதில் மகரம் இல்லை. தூண் இல்லை. தோரணம் இல்லை. தாமரை இதழ்கூட இல்லை. மகரதோரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடிய சிற்பிகள் நிறைந்த நகரம் அநுராதபுரம். அங்கிருந்த பாரசீகர்கள் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை.

காரணம் கொஸ்மாஸ் சொன்ன அந்த ஒரு செய்தியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். குரு பாரசீகத்திலிருந்து வருகிறார். அப்படியானால் அது வந்து தங்கிப்போகும் வணிகர்களின் சபை. மலையாளக் கரை அப்படியல்ல. கொல்லத்தில் 849 இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டைப் பாருங்கள். பள்ளியைக் கட்டியவர் மார் சபீர் ஈசோ என்ற வெளிநாட்டவர். பள்ளிக்கு நிலம் உண்டு, குடிகள் உண்டு, வணிகக் குழுக்களான மணிக்கிராமத்தாரும் அஞ்சுவண்ணத்தாரும் அதற்குக் காவல். செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் நம் மொழி. சாட்சிக் கையெழுத்துகள் பகலவியிலும் அரபியிலும் எபிரேய எழுத்திலும். அது ஊரோடு கலந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, உள்ளூர்க் கிறிஸ்தவமாக ஆகிவிட்ட சபை. அவர்களுடைய சிலுவைக்குத் திருவாசி வேண்டும். அநுராதபுரத்தில் இருந்தவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வளைகுடாவில் விட்டுவந்த மடத்துச் சுவரில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் போதும்.

இன்னும் ஒரு ஊகம், இது முழுக்க என்னுடையது. பாரசீகத்தார் சாந்தில் செய்தது மேலெழும்பும் செதுக்கல். அநுராதபுரத்துக் கல்லில் உருவம் உள்ளே குடைந்திருக்கிறது. உள்ளே குடைவது யார் வேலை? முத்திரை வெட்டுகிறவர் வேலை. கொத்தரிடம் காட்டுவதற்கு மாதிரியாக அந்த வணிகர் கையில் என்ன இருந்திருக்கும்? மடத்துச் சுவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியாது. மாந்தையில் பொதிகளுக்கு அழுத்திய முத்திரை அவர் இடுப்பில் இருந்திருக்கும். கொத்தர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, எப்படிக் குடைந்திருந்ததோ அப்படியே பெரிதாக்கிக் கல்லில் இறக்கினார் என்று நினைத்துப் பார்க்கிறேன். நிரூபிக்க வழியில்லை. மறுக்க நினைப்பவர்கள் நல்ல காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிலுவையைக் காட்டி, மன்னார் வேதக்காரர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய கிறிஸ்தவர்கள் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு தொடர்ச்சி கிடையாது. 993 ஐ ஒட்டிச் சோழர் படையெடுப்போடு அநுராதபுரம் தலைநகர்ப் பதவியை இழந்தது. மாந்தைத் துறைமுகமும் 11 ஆம் நூற்றாண்டோடு ஒடுங்கியது. பாரசீகச் சபை அதற்கு முன்பே கரைந்துபோயிருக்கலாம். 1544 இல் தொடங்கியது வேறொரு கதை, வேறொரு சபை. இரண்டையும் முடிச்சுப் போடுவது இரண்டுக்குமே மரியாதை அல்ல. மறுபக்கம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தில் வேறு எவருக்கும் இடமிருந்ததில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தேவார காலத்து மாதோட்டத்தில் சிவன் கோயில் மணியும் பாரசீகரின் செபமும் அடுத்தடுத்த தெருவில் கேட்டிருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. அது துறைமுகம்.

அநுராதபுரக் காலத்துத் தேவாலயம் ஒன்றின் அத்திவாரம்கூட இலங்கையில் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. மாந்தை மேட்டில் அகழ்ந்தது சிறு பகுதிதான். தேடப்போகிறவர்கள் கருங்கல்லை எதிர்பார்த்தால் ஏமாறக்கூடும். மன்னார்க் கரையில் கருங்கல் அருமை. கட்டியிருந்தால் செங்கல்லிலும் சாந்திலும் கட்டியிருப்பார்கள். சுவர் இடிந்தால் சாந்து உள்ளங்கையளவு துண்டுகளாகச் சிதறும். பழைய அகழ்வுகளில் அப்படியான துண்டுகள் கட்டட இடிபாடு என்று கூடையோடு கொட்டப்படுவது வழக்கம். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சாய்வெட்டுக் கோடுகளோடும் இருக்கும் சாந்துத் துண்டு எதையும் எறிய வேண்டாம். கொம்புபோல் வளைந்த இலை ஒன்று அதில் இருக்கலாம். 2020 இல் நானாட்டானில் காணி திருத்தும்போது மண்பானை நிறையப் பழங்காலக் காசுகள் வெளிப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதைக் கண்டுகொள்வது சுலபம், உலோகம் மினுங்கும். சாந்து மினுங்காது.

அடுத்த வாரம்: இதே மாதோட்டத்தில் இராசராசன் பெயரால் தாழி குமரன் கட்டிய கோயில்.